நிகழ்ச்சி நிரல், எண் ஏழு

ஜூன் முதல் திங்கள், காலை ஆறேகால்.
மஞ்சள் வேன் எங்கள் மண்சாலையில் திரும்பியபோது
நாய் மட்டும்தான் விழித்திருந்தது.
நான்கு பேரை ஏற்ற நூற்றுப்பத்து மைல்.
நெப்ராஸ்காவின் இந்த மேற்கு ஓரத்தில்
பக்கத்து வீடு என்பது
இரவில் தெரியும் ஒரு விளக்கு.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது:
'ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்.'
பள்ளி ஆலோசகர் அதில் டிக் அடித்திருந்தார்,
தாளின் பின்பக்கம் தடவினால் தெரியும் அழுத்தத்தோடு.
கோல்ட்டரிடம் காட்டினேன்.
"எனக்கு நீதிபதியே அடித்துக் கொடுத்தார்" என்றான்.

தலைவர் என்பவர் யார்,
ஒரே சொல்லில் எழுதி ஒட்டுங்கள்.
துணிவு, நேர்மை, தொலைநோக்கு என்று
தேவாலயக் கூடத்துச் சுவரெல்லாம் மஞ்சள் தாள்.
கோல்ட்டர் எழுதியது: மாட்டிக்கொள்பவன்.
யெசேனியா வெறுந்தாளை ஒட்டினாள்.
பீட்ரூட் வயலில் களை கொத்திய கை,
பேனாவை மண்வெட்டிபோலப் பிடிக்கும்.

பிறகு நம்பிக்கைப் பயிற்சி.
கண்ணை மூடிப் பின்னால் சாய வேண்டும்,
மற்றவர்கள் பிடிப்பார்கள்.
டுவைட் சாயவில்லை.
மேடையில் நின்றான், நின்றான், இறங்கிப் போனான்.
பயிற்சியாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.
எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.
போன ஜூலையில் அவன் தம்பி லானி
பாசனக் கால்வாயில் குளிக்க இறங்கினான்.
வழுவழுவென்று கான்கிரீட் இருபுறமும்,
பிடிக்க ஒரு புல்கூட இல்லாமல்
இரண்டு மைல்.

'உங்கள் ஊருக்கு ஒரு திட்டம்' என்றபோது
யாரும் விவாதிக்கவில்லை.
நகராட்சி நீச்சல்குளம் பூட்டி நான்கு கோடை.
ஆழமான முனையில் ஒரு மளிகைத் தள்ளுவண்டி,
உரிந்த நீலம், அதன்மேல் உருண்டு வந்து தேங்கிய முட்செடி.

ஜூலை நான்காம் செவ்வாய், மாலை ஏழு.
நாய் உரிமக் கட்டணத்துக்குப் பின்,
'மற்றவை'க்கு முன்,
எண் ஏழு நாங்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
கண்ணைப் பார்த்துப் பேசு, பையில் கைவிடாதே,
ஆறு வாரம் கற்றது அதுதான்.
என் பெயர் டிரெஸ்ஸா என்றேன்.
அதோடு தீர்ந்தது எனக்குத் தெரிந்த ஆங்கிலம்,
பிறந்ததிலிருந்து பேசிய ஆங்கிலம்.
மீதி நேரத்தை யெசேனியாவிடம் தள்ளினேன்,
பயத்தில். பெருந்தன்மையில் அல்ல.

அவள் எழுந்தாள்.
நூலக அடித்தளத்தில் பழைய கூட்டக் குறிப்புகளை
யாருக்கும் சொல்லாமல் படித்திருக்கிறாள்.
"மூன்று வருடம் முன், மார்ச், பக்கம் பதினொன்று.
பம்பு பழுதுபார்க்க ஒதுக்கிய பத்தொன்பதாயிரம் டாலர்.
அது எங்கே?"

மின்விசிறி சுற்றியது.
பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி கழற்றினார்.
கண்காட்சி மைதானத்துக்குப் புதுக்கூரை போட்டதை
ஒருவர் இருமலுக்குள் சொன்னார்.
மேயர்: நல்ல கேள்வி, பரிசீலிப்போம்,
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறோம்.
நாய் கட்டணம் மட்டும் அன்றே ஐந்து டாலர் ஏறியது.

ஆகஸ்டில் சான்றிதழ் வந்தது.
என் பெயரில் ஒரு எழுத்து குறைவு.
டுவைட்டுக்குத் தரவில்லை: 'பயிற்சிகள் முழுமையடையவில்லை.'

அந்த வாரமே
பயிற்சிக் கொட்டகையிலிருந்த கயிறுகள் காணாமல் போயின,
நம்பிக்கைப் பாடத்துக்கு வாங்கிய முறுக்குக் கயிறு
அத்தனையும்.
ஞாயிறு காலை பார்த்தால்
கால்வாயின் இரு கரையிலும்
வேலிக் கம்பத்துக்கு ஒன்றாக, தண்ணீர்வரை,
முழத்துக்கு ஒரு முடிச்சு.

ஷெரிப்பின் கார் மெதுவாக வந்தது,
இன்னும் மெதுவானது,
நிற்காமல் போனது.
கோல்ட்டரின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததை
நான் பார்த்தேன், கேட்கவில்லை.

டுவைட் வந்தான்.
ஒவ்வொரு கயிற்றையும் இரண்டு கையால் பற்றி
முழு எடையோடு பின்னால் சாய்ந்தான்.
அடுத்த கம்பம். பிறகு அடுத்தது.
இருட்டும்வரை போய்க்கொண்டிருந்தான்.